10.38க்கும் மார்க் உண்டு

"மிஸ், எனக்கு 10.38 வருது. அழிச்சிட்டு 9.8னு போட்டுக்கவா?"

பதினோராம் வகுப்பு, தனி ஊசல் சோதனை: நூலில் தொங்கும் குண்டை ஆடவிட்டுப் புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிப்பது. புத்தகத்தில் அதன் மதிப்பு 9.8 மீ/வி². ஊசல் நீளம் 100 செ.மீ. 20 அலைவுகளுக்கு அவள் குறித்த நேரம் 39 விநாடி. 40 வந்திருந்தால் விடை 9.87. ஸ்டாப்வாட்சை அமுக்கிய விரலில் போன ஒரே ஒரு விநாடி!

விடைக்குத்தான் மார்க் என்றால் பிள்ளைகள் ஏன் அளக்கப் போகிறார்கள்? புத்தகத்தைப் பார்த்து எழுதிவிடுவார்கள்.

அடுத்த சோதனைக்கு முன்பே கரும்பலகையில் எழுதிவிடப் போகிறேன். பத்து மார்க்கில், எடுத்த அளவை அப்படியே குறித்தால் 4. கணக்கும் அலகும் சரியென்றால் 3. பிழை எங்கே வந்திருக்கும் என்று சொன்னால் 2.

விடை 9.8க்குப் பக்கத்தில் வந்தால் 1.

'நேர்த்தியாகச் செய்தல்' என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரிகூட இருக்காது. எது நேர்த்தி என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா?