நோட் ஜேஎஸ் சர்வரில் லாக் சேர்த்த அனுபவம்

நாங்கள் பராமரிக்கும் ஆர்டர் செயலியின் சர்வர் நோட் ஜேஎஸ்ஸில் (ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் தளம்), அதற்கான எக்ஸ்பிரஸ் என்ற வெப் ஃபிரேம்வொர்க்கில் ஓடுகிறது. "ஆர்டர் போட்டா சுத்திக்கிட்டே இருக்கு" என்று சில வாடிக்கையாளர்களிடமிருந்து மட்டும் புகார் வந்துகொண்டே இருந்தது. சர்வரில் போய்ப் பார்த்தால் "ஆர்டர் வந்தது", "முடிந்தது" என்று கன்சோல் லாக் வரிகள் (நடப்பதைச் சர்வர் எழுதிவைக்கும் பதிவுகள்) வரிசையாக ஓடும். எது யாருடைய ஆர்டர் என்று தெரியாது. ஒரு கோரிக்கை டேட்டாபேஸ் பதிலுக்குக் காத்திருக்கும்போது நோட் அடுத்ததைக் கையில் எடுத்துக்கொள்ளும். அதனால் நாலைந்து ஆர்டர்களின் வரிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கும்.

ஒழுங்காக லாக் எழுத ஒரு லைப்ரரி வேண்டும். வின்ஸ்டனும் நல்ல லைப்ரரிதான். நான் பினோவை எடுத்தேன். எதுவும் அமைக்காமலேயே ஒரு நிகழ்வுக்கு ஒரு ஜேசன் (பெயரும் மதிப்புமாக எழுதும் வடிவம்) வரி என்று எழுதித் தரும். அதில் லெவல், அதாவது வரியின் முக்கியத்துவம், எண்ணாக வரும்: டிபக் 20, இன்ஃபோ 30, வார்ன் 40, எரர் 50. இன்ஃபோவுக்குக் கீழே உள்ளவை இயல்பாக வெளியே வராது. லெவலை என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்துவிட்டால், டிபக் வரிகள் வேண்டும்போது கோடைத் தொடாமலே திறந்துகொள்ளலாம்.

உண்மையான வேலை அடையாள எண் சேர்ப்பதில்தான் இருந்தது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் நுழைவிலேயே ஒரு மிடில்வேரில் (கோரிக்கை முதலில் கடந்துபோகும் ஃபங்ஷன்) ரேண்டம் யூயூஐடி, அதாவது இன்னொன்றோடு மோதாத நீண்ட அடையாள எண் கொடுத்தேன். அதை ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கையால் கடத்திக்கொண்டே போனால் கோடு நாறிவிடும். நோட்டோடு கூடவே வரும் அசிங்க் லோக்கல் ஸ்டோரேஜ் இதற்கென்றே இருக்கிறது: எத்தனை அவெய்ட் (பதிலுக்குக் காத்திருக்கும் இடம்) தாண்டினாலும் அந்தக் கோரிக்கையின் தகவல் கூடவே போகும். ஒவ்வொரு வரியிலும் கூடுதல் தகவல் சேர்க்கும் பினோவின் மிக்ஸின் அமைப்பில் அங்கிருந்து எண்ணை எடுக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு எந்த மூலையில் லாக் எழுதினாலும் எண் தானாக ஒட்டிக்கொண்டது. லாக் வைக்கப் போகிறவர்கள் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

கோரிக்கை முடிந்ததும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். பலரும் ரெஸ்பான்ஸின் ஃபினிஷ் நிகழ்வில் அதை எழுதுகிறார்கள். பதில் முழுதாக அனுப்பப்பட்டால்தான் ஃபினிஷ் வரும். பொறுமையிழந்து ஆப்பை மூடிவிட்டவரின் கோரிக்கை அதில் சிக்காது. எனக்கு வேண்டியதே அந்த ஆள்தான். க்ளோஸ் நிகழ்வு இரண்டு நிலையிலும் வரும். அதில் எழுதி, ரெஸ்பான்ஸின் ரைட்டபிள் ஃபினிஷ்ட் (பதில் முழுதாகப் போனதா என்று சொல்லும் மதிப்பு) பொய்யாக இருந்தால் "பாதியில் விட்டது" என்று வார்ன் லெவலில் குறித்தேன்.

அப்படிச் சிக்கிய வரிகளில் ஒன்றின் எண்ணை வைத்துத் தேடினேன். "பில் எழுதியாச்சு" என்ற வரிக்குப் பிறகு நீண்ட இடைவெளி, அதன் பிறகே "எஸ்எம்எஸ் அனுப்பியாச்சு". இரண்டுக்கும் நடுவே வேறொன்றும் இல்லை. எஸ்எம்எஸ் சேவையின் பதில் வரும்வரை அவெய்ட் போட்டு வாடிக்கையாளரை நிறுத்தி வைத்திருந்தது எங்கள் சர்வர். ஆர்டருக்குப் பதிலை முதலில் அனுப்பிவிட்டு எஸ்எம்எஸ்ஸைப் பிறகு அனுப்பும் க்யூவில் தள்ளினோம். அத்தோடு அந்தப் புகார் நின்றது.

பிழைகளை எழுதும்போது வரிசை முக்கியம். எரர் ஆப்ஜெக்டை அப்படியே ஜேசனாக்கினால் வெறும் அடைப்புக்குறிதான் மிஞ்சும். அதன் மெசேஜும் ஸ்டாக்கும் (எந்தெந்த ஃபங்ஷன் வழியாகப் பிழை வந்தது என்ற தடம்) விடுபட்டுப்போகும். பினோவில் எரரை 'எர்' என்ற பெயரில் ஒரு ஆப்ஜெக்டுக்குள் வைத்து முதலில் கொடுக்க வேண்டும், செய்தி அடுத்தது. கன்சோல் பழக்கத்தில் மாற்றிப் போட்டால் ஸ்டாக் ட்ரேஸ் காணாமல் போய்விடும்.

ஃபோன் எண்ணும் லாகின் சான்றைச் சுமக்கும் ஆத்தரைசேஷன் ஹெடரும் லாக்கில் போகவே கூடாது. பினோவின் ரிடாக்ட் பட்டியலில் அவற்றின் பாதையைக் கொடுத்தால் மதிப்பு மறைந்துவிடும். ஊரார் எண்களை லாக் ஃபைலில் கொட்டி வைக்க நமக்கு உரிமை கிடையாது.

தனி ஃபைல் எதுவும் நான் வைக்கவில்லை. பினோ ஸ்டேண்டர்ட் அவுட்புட்டில் எழுதுகிறது, லினக்ஸில் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி அதைத் தன் பதிவேடான ஜர்னலில் சேர்க்கிறது. அதைப் படிக்கும் ஜர்னல்சிடிஎல் கட்டளைக்கு அவுட்புட் வடிவம் 'கேட்' என்று கொடுத்தால் முன்னொட்டு இல்லாத சுத்த ஜேசன் கிடைக்கும். ஜேக்யூ என்ற ஜேசன் கருவியில் வடிகட்ட அதுதான் வேண்டும். டிஸ்க் நிரம்பாமல் இருக்க ஜர்னலின் உச்ச அளவை அதன் கான்ஃபிக் ஃபைலில் கட்டாயம் குறித்துவிடுங்கள்.