கண் கருப்பா, சிவப்பா?

அக்கா வீடு கனடாவில், டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில். போன நவம்பரில் அங்கே போய் இறங்கிய மறுநாள் காலை, பின்பக்கத்து மரவேலி மேல் ஒரு அணில் ஓடியது. மூக்கு முதல் வால் நுனி வரை கரிக்கட்டை மாதிரிக் கருப்பு. காபியை அப்படியே வைத்துவிட்டு கேமராவை எடுக்க ஓடினேன். "இதைப் போயா எடுக்கிற? இங்க தெருவுக்குப் பத்து ஓடும்டி" என்றாள் அக்கா.

எனக்குச் சொந்த ஊர் ராஜபாளையம். செண்பகத்தோப்பில் நரை அணிலைத் தேடி, கழுத்து வலிக்க வலிக்க மரம் மரமாக அண்ணாந்து திரிந்தவள். அதற்கென்றே 1988-இல் சரணாலயம் வந்த ஊர்ப்பக்கம். அணில் என்றால் என்னால் சும்மா கடந்துபோக முடியாது.

கனடாவில் தோட்டத்துக்குத் தோட்டம் ஓடும் இந்த இனத்துக்குப் பெயர் சாம்பல் அணில். பெயர்தான் சாம்பல், டொரன்டோவில் கண்ணில் படுவது பெரும்பாலும் கருப்பு. வேறு இனம் இல்லை, அதே அணில்தான். முடியின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஒரு மரபணுவில் 24 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டுப் போயிருக்கின்றன. அப்படி விடுபட்ட பிரதி தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால் குட்டி கன்னங்கரேல். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கருமையோடு பழுப்பு கலந்திருக்கும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அக்கா வீட்டு வேலியில் ஓடுவதெல்லாம் ஒரே கருப்பாகத் தெரியவில்லை. ஒன்றின் வயிற்றில் வெயில் பட்டால் செம்பட்டை மின்னும். இன்னொன்று வெயிலிலும் கருப்புதான். டொரன்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் கருப்பு அணில்கள் 1902-லும் 1906-லுமாக மொத்தம் 18 வாஷிங்டன் விலங்குக்காட்சிச் சாலைக்குப் போயின. இன்று அந்த நகரத்துத் தெருக்களில் ஓடும் கருப்பு அணில்கள் அவற்றின் வழிவந்தவை.

சரி, வெள்ளைக்கு வருகிறேன். லண்டன் என்று ஒன்டாரியோவிலும் ஓர் ஊர் உண்டு. அங்கிருந்து வடக்கே ஐம்பது கிலோமீட்டர் போனால் எக்ஸெட்டர் என்ற சின்ன ஊர். வெள்ளை அணிலுக்குப் பேர்போனது. ஊரின் சின்னமே அதுதான். வெள்ளை என்றால் அல்பினோ என்றுதான் முதலில் நினைத்தேன். அல்பினோவுக்கு உடம்பில் நிறமியே இருக்காது, அதனால் கண்ணும் சிவந்து தெரியும். எக்ஸெட்டர் அணில் அப்படியில்லை. முடி மட்டும் வெள்ளை, கண் கருப்பு என்று படித்தேன். அந்தக் கண்ணை என் படத்தில் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

சனிக்கிழமை விடிவதற்குள் அத்தான் காரை எடுத்தார். 401 நெடுஞ்சாலையில் லண்டன் வரை ஒரே ஓட்டம். அதன்பின் இருபுறமும் அறுவடை முடிந்த சோளக்காடு. எக்ஸெட்டரில் மெக்நாட்டன் பூங்காவில் இறங்கி, ஓசேபிள் ஆற்றை ஒட்டிய பாதையில் நடந்தோம். இலையெல்லாம் உதிர்ந்து கிளைகள் மொட்டையாக நின்றன. அணில் பார்க்க இதைவிட நல்ல பருவம் கிடையாது: ஒளிய இலை இருக்காது, அணில்களும் குளிருக்குமுன் ஓக் கொட்டைகளை ஒவ்வொன்றாக மண்ணில் புதைக்கும் அவசரத்தில் தரையிலேயே திரியும். இரண்டு மணி நேரத்தில் ஏழு சாம்பல், நான்கு கருப்பு. வெள்ளை ஒன்றுகூட இல்லை.

நாயோடு வந்த ஒரு பெரியவர் என் லென்ஸைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டார். "நடந்தால் கிடைக்காது, உட்காருங்கள். மூன்று மணிக்குமேல் அந்தப் பெரிய மரத்துக்கு ஒன்று வரும்" என்றார். அக்கா கட்டிக்கொடுத்த புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு மரத்துக்கு எதிரே உட்கார்ந்தோம்.

மூன்றரைக்கு வந்தது. பழுப்புச் சருகுக்கு நடுவே பஞ்சுப்பொதி உருண்டு வருகிற மாதிரி. இவ்வளவு பளிச்சென்று இருந்தால் பருந்து கண்ணில் எப்படித் தப்புகிறது என்று வயிறு கலங்கியது. காட்டைவிட இப்படிப்பட்ட ஊருக்குள்தான் அதற்குப் பிழைப்பு என்பது அப்போது உறைத்தது.

முதல் பத்துப் படங்களும் போச்சு. கேமராவின் கணக்கு எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். படச்சட்டம் முழுக்க இருண்ட சருகு இருந்ததால் அது வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. அணில் ஒரு முடிகூடத் தெரியாமல் வெளுத்துப்போய் வெறும் வெள்ளைத் திட்டாக விழுந்தது. வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாகக் குறைத்தேன். கையில் கொட்டையை வைத்துக்கொண்டு பின்னங்காலில் நிமிர்ந்து உட்கார்ந்தது. கொட்டையை உருட்டி உருட்டிக் கடிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு, முகம் என் பக்கம் திரும்பும்வரை விரலை எடுக்கவில்லை. திரும்பியது. ஆறு படம். அப்புறம் மரத்தைச் சுற்றி ஏறி, அந்தப் பக்கம் மறைந்துவிட்டது.

காரில் உட்கார்ந்து திரையைப் பெரிதாக்கினேன். கண், கழுவி எடுத்த நாவற்கொட்டையை அல்ல, நாவற்பழத்தையே பதித்த மாதிரி கருப்பு. அத்தான் ஹீட்டரைக்கூடப் போட மறந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை, குளிருக்குப் பயந்து அக்கா உள்ளே கொண்டுவந்து வைத்த கறிவேப்பிலைத் தொட்டி காலி செய்த இடத்தில் அந்தக் கன்னங்கரேல் அணில் வந்து உட்கார்ந்தது. பின்னால் வெளுத்த வானம். இதற்கு நேற்றைய கணக்கு ஆகாது, ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். கூட்டினேன். மீசை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. "ஏய், அசையாதே" என்று கிசுகிசுத்தபடி அக்கா கண்ணாடிக் கதவை எனக்காக மெல்ல நகர்த்தினாள்.