என் வண்டி நிற்கும் இடத்துக்கு வாடகை

காரைக்குடியில் கடைத்தெருவை ஒட்டிய ஒரு தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். எவர்சில்வரும் பித்தளையும் விற்பதோடு, பழைய பித்தளைச் சாமான்களுக்கு ஈயம் பூசிக் கொடுக்கும் வேலையையும் விடாமல் செய்துவருகிறோம். சென்ற தை மாதம், முகூர்த்த நாள்கள் நெருங்கிய ஒரு காலையில், எங்களிடம் வழக்கமாக வரும் ஆச்சி ஒருவர் பெரிய பித்தளை அண்டா ஒன்றை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கடை வாசலில் கைப்பிடியோடு கைப்பிடி உரசிக்கொண்டு பைக்குகள் நின்றதால், ஆட்டோக்காரர் தெருவின் நடுவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. பின்னால் வந்த சரக்கு வண்டி ஹாரனை விடாமல் அடித்தது. அந்தப் பதற்றத்தில் ஆச்சி இரண்டு பைக்குகளுக்கு நடுவே ஒருக்களித்து நுழைய, முந்தானை ஒரு பிரேக் லிவரில் மாட்டிக்கொண்டது. அவர் இழுத்த வேகத்தில் அந்த வண்டி முன்னால் நகர்ந்து, ஸ்டாண்டு மடங்கிச் சாய்ந்தது. அது அடுத்ததைத் தள்ள, அடுத்தது அதற்கடுத்ததைத் தள்ள, நாங்கள் கல்லாவை விட்டு எழுந்து ஓடி வருவதற்குள் ஆறு வண்டிகள் வரிசையாகப் படுத்துவிட்டன. ஆச்சிக்கு முழங்கையில் நல்ல சிராய்ப்பு. உள்ளே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தபோது அவர் கேட்டார்: "ஏந் தம்பி, கடைக்கு வாசல்னு ஒண்ணு வச்சிருக்கீகளா, இல்லையா?"

விழுந்த ஆறில் மூன்றாவது என்னுடைய வண்டி. காலை ஒன்பதரைக்குக் கடை திறக்கும்போது நிறுத்தினால், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து தூக்குச்சட்டி வந்துவிடுவதால், இரவு ஒன்பது மணிக்குத்தான் நான் அதை எடுப்பேன்.

ஆச்சியின் கேள்வி மனத்தை அறுத்துக்கொண்டே இருந்தது. மறுநாள் பழைய பில் புத்தகம் ஒன்றின் பின்பக்கத்தில், எங்கள் கடைக்கும் இருபுறத்துக் கடைகளுக்கும் முன்னால் நிற்கும் வண்டிகளைக் குறித்து வைத்தேன். காலை பதினொரு மணிக்கு நின்ற பதினாறு பைக்குகளில் ஒன்பது, இரவு கடை சாத்தும்வரை நின்ற இடத்தை விட்டு அசையவே இல்லை. அந்த ஒன்பதும் எங்களுடையவை: கடைக்காரர்களுடையவை, கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகளுடையவை. வாங்க வந்தவர்களின் வண்டிகளில் அரை மணி நேரத்துக்கு மேல் நின்றது மிகக் குறைவு. பல, இடமில்லாமல் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போயே விட்டன. வாகன நிறுத்தக் கட்டணம் என்ற பேச்சு எழும்போதெல்லாம் "வாடிக்கையாளர் வரமாட்டார்கள்" என்று முதல் ஆளாகச் சொல்லி வந்தவன் நான். வாடிக்கையாளருக்குரிய இடத்தை நாள் முழுதும் அடைத்துக்கொண்டிருப்பது கடைக்காரர்களாகிய நாங்களே என்பது, அந்தக் கணக்கைப் பார்க்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

ஆகவே என் கருத்தை மாற்றிக்கொண்டேன். நெரிசல் மிகுந்த கடைத்தெருக்களில் இருசக்கர வாகனங்களுக்கும் நிறுத்தக் கட்டணம் வேண்டும் என்றே இப்போது கருதுகிறேன். அந்தக் கட்டணம் வண்டி வைத்திருப்பதற்காக வாங்கப்படக்கூடாது. பொது இடத்தை நெடுநேரம் பிடித்து வைப்பதற்காக மட்டுமே வாங்கப்பட வேண்டும். முதல் ஒரு மணி நேரம் எவருக்கும் இலவசமாக இருக்கட்டும்; அதன் பிறகு மணிக்கு மணி ஏறட்டும். அரை கிலோ மிளகு வாங்க வருகிறவரிடம் காசு கேட்பதும், பதினொரு மணி நேரம் வண்டியைப் போட்டு வைக்கும் என்னிடம் கேளாமல் விடுவதும் ஒருபோதும் நியாயமாகாது.

எவ்வளவு என்பதில்தான் பெரும்பாலான நகரங்கள் தவறுகின்றன என்பது என் எண்ணம். என் பைக்கை நாடா வைத்து அளந்தேன்: நீளம் 2 மீட்டர், கைப்பிடியின் அகலம் முக்கால் மீட்டர். எடுக்க, வைக்க இடம் விட்டாலும் 2 சதுர மீட்டருக்குள் அடங்கிவிடும். ஒரு காருக்கோ இரண்டரை மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும், அதாவது பன்னிரண்டரைச் சதுர மீட்டர் ஒதுக்குவது வழக்கம். ஒரு கார் நிற்கும் இடத்தில் ஆறு பைக்குகள் நிற்கலாம் என்றால், கட்டணமும் ஆறில் ஒரு பங்காக இருப்பதே முறை. சென்னை மாநகராட்சி காருக்கு மணிக்கு 20 ரூபாயும் இருசக்கர வாகனத்துக்கு 5 ரூபாயும் விதித்தது. அது நான்கில் ஒரு பங்கு. பாரிஸ் நகரம் 2022 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து பெட்ரோல் பைக்குகளுக்குக் கட்டணம் விதித்தபோது நகரின் நடுப்பகுதியில் மணிக்கு 3 யூரோ என்று வைத்தது. அது அங்கே கார் கொடுத்த தொகையில் பாதி. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பகுதியில் 2008இல் நாளொன்றுக்கு ஒன்றரைப் பவுண்டு கேட்டார்கள். பைக் ஓட்டிகள் திரண்டு எதிர்த்தார்கள். பின்னர் அது ஒரு பவுண்டாகக் குறைந்தது. பைக்குக்கு விதிக்கத் துணிந்த நகரம் எதுவாயினும், காருக்கு முதலில் விதித்திருக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செக்காலை சாலையில் ஒரு கார் இலவசமாக நிற்க, அதன் பின்னால் நிற்கும் பைக்குக்குச் சீட்டுக் கிழிக்கும் நிலை வந்தால், நானே எதிர்ப்பவர்களின் பக்கம் போய் நிற்பேன்.

பாரிஸ் மின்சார பைக்குகளுக்கு விலக்கு அளித்தது. சத்தத்தையும் புகையையும் குறைப்பது அவர்களுடைய நோக்கங்களுள் ஒன்று என்பதால் அது அவர்களுக்குப் பொருந்தும். நமக்கு இடம்தான் சிக்கல். மின்சார ஸ்கூட்டரும் அதே 2 மீட்டரைத்தான் அடைக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் மூன்று சக்கர ஸ்கூட்டர்களுக்கு மட்டும் விலக்கும், கடைக்கு அருகிலேயே தனி இடமும் வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

"வண்டி வாங்கும்போதே வாழ்நாள் வரி கட்டிவிட்டோமே, இன்னும் எதற்குக் கட்டணம்?" என்று பலர் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரையிலான பைக்குக்கு 10 சதவீதமும், அதற்கு மேற்பட்டதற்கு 12 சதவீதமும் வாழ்நாள் வரி. அது சிறு தொகை இல்லை. ஆனால் அந்தப் பணம் மாநில அரசின் கருவூலத்துக்குப் போகிறது. எங்கள் தெருவின் சாக்கடையைத் தூர்வாருவதும் விளக்குப் போடுவதும் குப்பை அள்ளுவதும் மாநகராட்சியின் பொறுப்பு. 1928இலிருந்து நகராட்சியாக இருந்த காரைக்குடி 2024இல் மாநகராட்சியாகியிருக்கிறது. வீட்டு வரியைக் கட்டும் எவரும், வண்டியே இல்லாத அந்த ஆச்சியும்கூட, என் பைக் நிற்கும் இடத்துக்கான செலவில் ஒரு பங்கைத் தாங்குகிறார்கள். அதுவும் போக, வரி என்பது வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்கான உரிமையே; ஊருக்குப் பொதுவான இடத்தில் அதை நாள் கணக்காக நிறுத்தி வைக்கும் உரிமை அதில் சேரவில்லை.

என்னை உண்மையில் தயங்க வைப்பது வேறொன்று. எங்கள் கடையில் வேலை செய்யும் மூவரும் கல்லல், புதுவயல், கோட்டையூர் பக்கத்திலிருந்து வருகிறார்கள். இரவு ஒன்பது மணிக்குக் கடை சாத்திய பிறகு பேருந்துக்குக் காத்திருந்து வீடு சேர முடியாது என்பதால்தான் தவணையில் பைக் வாங்கினார்கள். தமிழ்நாட்டில் பதிவாகியிருக்கும் வாகனங்களில் ஐந்தில் நான்குக்கு மேல் இருசக்கர வாகனங்களே. வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க அரசே 2018இல் 25,000 ரூபாய் வரை மானியம் கொடுக்கத் தொடங்கியது. இதை ஆடம்பரம் என்று சொல்ல எவருக்கும் நா எழாது. மணிக்கு 5 ரூபாய் வீதம் நாளுக்குப் பத்து மணி நேரம், மாதம் 26 நாள் என்று கணக்கிட்டால் 1,300 ரூபாய் ஆகிறது. கடைப் பையன் ஒருவனுடைய சம்பளத்தில் அவ்வளவைப் பிடுங்குவதற்கு நான் ஒப்ப மாட்டேன். அவர்களுக்கு மாற்று இடத்தைக் காட்டாமல் தெருவில் மட்டும் கட்டணம் போடுவது அநியாயமாகும்.

அந்த மாற்று இடம் எங்கே என்று தேடியபோதுதான், நம் செட்டிநாட்டு வீடுகளின் அமைப்பே ஒரு விடையை வைத்திருப்பது தெரிந்தது. இங்கே பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று இரண்டு தெருக்களையும் தொட்டு நிற்கின்றன. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் தாண்டிப் பின்னால் போனால் திறந்த வெளி. பல வீடுகளில் அங்கே வண்டிக் கொட்டகை இருந்தது. மாட்டு வண்டியும், பின்னர் காரும் அதற்குள் நின்றன. திண்ணைக்கு எதிரே தெருவை அடைத்து வண்டியை நிறுத்தும் வழக்கம் இங்கே இருந்ததில்லை. வண்டி வைத்திருந்தவர் அதற்கான இடத்தையும் தம் மனைக்குள்ளேயே வைத்திருந்தார். இன்று அந்த வீடுகளில் பல, உரிமையாளர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, காவலுக்கு ஓர் ஆளோடு பூட்டிக் கிடக்கின்றன. அவற்றின் பின்கட்டுகளை மாத வாடகைக்கு விட்டால், கடைத்தெருவில் வேலை செய்பவர்களின் வண்டிகள் நிழலில் பத்திரமாக நிற்கும்; பங்காளிகள் பலருக்குப் பொதுவான வீட்டில் ஓடு மாற்றுவதற்காவது அந்த வாடகை உதவும். தெருவில் இடம் இலவசமாகக் கிடைக்கும்வரை இதற்கு எவரும் முன்வர மாட்டார்கள். பக்கத்திலேயே சும்மா கிடைக்கும்போது, நான்கு நிமிடம் நடந்து மாதம் முந்நூறு ரூபாய் கொடுக்க யாருக்கு மனம் வரும்?

அடுத்தது, வசூலிக்கும் முறை. நம் ஊர்களில் மக்கள் கொதிப்பது கட்டணத்தைவிட, அதை வாங்கும் விதத்தைக் கண்டுதான். ஏலத்தில் எடுத்த குத்தகைக்காரரின் ஆள், சீருடை இல்லாமல், ரசீது இல்லாமல், கையை நீட்டுகிறார். போன வருடம் வேறொரு ஊரின் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தபோது, பலகையில் 10 ரூபாய் என்று எழுதியிருக்க, 20 கேட்டார்கள். சீட்டு கேட்டதற்கு, "வண்டிய எடுக்குறீங்களா, இல்லையா" என்று பதில் வந்தது. என் மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் கசப்பு இன்னும் போகவில்லை. இதே மக்கள்தான் பேருந்து நிலையத்து சைக்கிள் ஸ்டாண்டில் தலைமுறை தலைமுறையாக முணுமுணுக்காமல் காசு கொடுத்து வருகிறார்கள். ஏனென்றால் அங்கே கையில் டோக்கன் வருகிறது, தலைக்கு மேல் கூரை இருக்கிறது, ஹெல்மெட் காணாமல் போனால் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். கொடுத்த காசுக்கு ஏதோ ஒன்று திரும்பக் கிடைக்கிறது. தெருவோரக் கட்டணத்திலும் இது இருந்தாக வேண்டும்: தரையில் வெள்ளைக்கோடு, வண்டி எண்ணும் நேரமும் அச்சிட்ட சீட்டு, பெரிய எழுத்தில் கட்டணப் பலகை, நாள் வசூல் நேராக மாநகராட்சிக் கணக்கில். பைக்கில் சீட்டை ஒட்டி வைக்கக் காரைப்போல் முன்கண்ணாடி இல்லை. செருகி வைத்தால் காற்றோ, பக்கத்து வண்டிக்காரரோ எடுத்துப் போய்விடுவார். எனவே வண்டி எண்ணைக் கையடக்கக் கருவியில் பதிவதே சரியான வழி.

வாங்கிய பணம் எங்கே போகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். அமெரிக்காவின் பாசடீனா நகரத்தின் பழைய கடைவீதியில் நடந்ததைப் படித்தபோது எங்கள் தெருவைப் பற்றியே எழுதியிருப்பதுபோல் இருந்தது. அங்கும் கடைக்காரர்கள் மீட்டர் வைக்கக்கூடாது என்று இரண்டு வருடம் எதிர்த்தார்கள். அங்கும் தெருவோரத்தில் நாள் முழுதும் நின்றவை கடை ஊழியர்களின் வண்டிகள். வசூலாகும் பணம் முழுவதும் அந்த வீதியின் நடைபாதைக்கும் மரங்களுக்கும் விளக்குகளுக்கும் செலவிடப்படும் என்று நகர நிர்வாகம் வாக்களித்த பிறகு, 1993இல் ஒப்புக்கொண்டார்கள். வீதி தெளிந்தது, வியாபாரம் பெருகியது. நிறுத்தக் கட்டணத்தைப் பற்றி வாழ்நாள் முழுதும் ஆராய்ந்து, 2025 பிப்ரவரியில் காலமான பேராசிரியர் டொனால்டு ஷூப், ஒவ்வொரு தெருத்துண்டிலும் எப்போதும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும்படியான கட்டணமே சரியான கட்டணம் என்றார். நெரிசலே இல்லாத வேளையில் எங்கள் தெருவில் கட்டணமே வேண்டாம். மாலை ஐந்து முதல் எட்டு வரை வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்கிறேன். தீபாவளிக்கு முந்தைய பதினைந்து நாள்களுக்குத் தனிக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

எங்கள் தெருவில் அந்தப் பணத்தை எதில் செலவிட வேண்டும் என்று என்னைக் கேட்டால், ஒரே பதில்தான் சொல்வேன்: பெண்களுக்கு ஒரு கழிப்பறை. கல்யாணச் சீருக்குச் சாமான் வாங்க வரும் பெண்கள், ஒரு கடையில் இரண்டு மணி நேரமாவது உட்கார்ந்து பார்த்து வாங்குகிறார்கள். அவர்களுக்கு அருகில் ஒதுங்க இடமில்லை. கடையில் நிற்கும் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். எத்தனையோ வருடமாக மனுக் கொடுத்தும் நிதி இல்லை என்ற பதிலே வருகிறது.

நான் இப்போது வண்டியை இரண்டு தெரு தள்ளி, எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டின் பின்வாசலில் நிறுத்துகிறேன். காவலுக்கு இருக்கும் அண்ணனிடம் மாதம் பிறந்ததும் முந்நூறு ரூபாய் கொடுத்துவிடுகிறேன். கடைப் பிள்ளைகள் மூவருக்கும் கடையே கொடுத்துவிடுகிறது. எங்கள் வாசலில் நான்கு வண்டிகளுக்கான இடம் காலியானது உண்மை. ஆனால் மூன்றாம் நாளே பக்கத்துக் கடை ஊழியர்களின் பைக்குகள் அங்கே வந்து நின்றன. போய்ச் சொன்னால், "தெரு உங்க அப்பன் வீட்டுதா?" என்று கேட்டார் அந்தக் கடைக்காரர், நான் வாயடைத்து நின்றேன், ஏனென்றால் அது என் அப்பன் வீட்டுதும் இல்லை, அவர் அப்பன் வீட்டுதும் இல்லை. தனி ஒருவன் விலகி நிற்பதால் இது தீராது என்பது அன்று புரிந்தது. தெருவுக்குச் சொந்தக்காரரான மாநகராட்சி விதி வகுத்தால்தான் எல்லாரும் ஒன்றாக நகர்வோம். வருகிற வணிகர் சங்கக் கூட்டத்தில், மாலை நேரக் கட்டணம், முதல் மணி இலவசம், காருக்கு ஆறு பங்கு, பணம் அந்தந்தத் தெருவுக்கே என்று தீர்மானம் கொண்டுவர எழுதிக் கொடுத்திருக்கிறேன். பக்கத்துக் கடைக்காரரிடமும் கையெழுத்துக் கேட்டேன். கழிப்பறை என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று தாளை வாங்கி வைத்திருக்கிறார்.