போகும்போது ஒரு வழி, திரும்பும்போது வேறு வழி

ரயில் நிலையத்திலிருந்து விடுதிக்கு நடந்து சென்ற வழியும், விடுதியிலிருந்து நிலையத்துக்குத் திரும்பிய வழியும் எனக்கு ஒன்றாக அமையவே இல்லை. கையிருப்பு குறைவு என்பதால் முடிந்தவரை நடப்பதென்று தீர்மானித்திருந்தேன்; அதனால்தான் இந்த வேறுபாடு கண்ணில் பட்டது. பட்டபின், பார்க்க வந்த இடங்களைவிட இதுவே மனத்தைப் பிடித்துக்கொண்டது.

சந்தியில் நிற்கும்போது மனம் எல்லா வழிகளின் நீளத்தையும் கூட்டிப் பார்ப்பதில்லை. சேர வேண்டிய இடம் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற உணர்வை வைத்துக்கொண்டு, அதிலிருந்து குறைவாக விலகிச் செல்லும் தெருவைத் தேர்ந்துவிடுகிறது. மறுமுனையிலிருந்து புறப்பட்டால் அப்படி நேராகத் தெரிவது வேறொரு தெரு. ஆகவே வழியும் மாறுகிறது. பாஸ்டன், சான் பிரான்சிஸ்கோ பகுதிகளில் 14,000-க்கும் மேற்பட்டோர் நடந்த தடங்களைக் கைப்பேசித் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்த அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்.ஐ.டி.) குழுவினர் 2021-இல் வெளியிட்ட முடிவும் இதுவே. மக்கள் மிகக் குறுகிய வழியைவிட, இலக்கை நோக்கி நீள்வதாகத் தோன்றும் வழியையே விரும்புகிறார்கள்; போகவும் வரவும் வெவ்வேறு தெருக்களைத் தேர்கிறார்கள்.

பழைய நகர்ப்பகுதியில் இந்த உணர்வுக்குக் கடும் சோதனை வந்தது. சாய்வாகச் சந்திக்கும் தெருக்களையும் நினைவு செங்கோணமாகவே பதிந்துகொள்கிறது என்பதால், சில திருப்பங்களுக்குள் மனத்திலிருக்கும் திசையும் உண்மையான திசையும் பிரிந்துவிடுகின்றன. அங்கே என்னைக் காத்தது உயரமான மணிக்கூண்டு ஒன்றுதான். “இரண்டாவது இடப்பக்கம், பிறகு மூன்றாவது வலப்பக்கம்” என்று விடுதியில் சொல்லி அனுப்பிய வழி, பணி நடப்பதாக ஒரு தெருவை அடைத்திருந்ததால் பாதியிலேயே பயனற்றுப்போனது. “மணிக்கூண்டு உங்கள் வலப்பக்கமே இருக்கும்படி நடந்து வாருங்கள்” என்று வழியில் ஒரு பெண்மணி சொன்னதோ, எத்தனை தெரு அடைத்திருந்தாலும் பயன்படும்.

நமக்குள் ஒரு வரைபடம் இருக்கிறது என்பது வெறும் உவமை அன்று. குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது கிளர்ச்சியுறும் செல்களை எலியின் மூளையில் கண்டறிந்து 1971-இல் அறிவித்த ஜான் ஓ’கீஃப், பரப்பைக் கட்டங்களாகப் பதியும் செல்களை 2005-இல் அறிவித்த மோசர் இணையர் ஆகியோர் 2014-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அந்த வரைபடம் உருவாக வேண்டுமானால், நாம் திரும்பும்போதெல்லாம் தானும் சுழலும் கைப்பேசி வரைபடத்தை வடக்கு மேலே இருக்கும்படி நிறுத்திவிடுங்கள் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

செலவு விவரத்தை முதலில் எழுதுவதாக இருந்தேன். அதில் சொல்லத் தகுந்தது ஒன்றே ஒன்று. மழைக்காக ஏறிய வாடகை வண்டியில், வலப்பக்கம் கடந்துபோன மணிக்கூண்டு சற்று நேரத்தில் இடப்பக்கம் வந்து நின்றது. ஒருவழிப் பாதை என்று ஓட்டுநர் சாக்குச் சொன்னார். நான் நடந்து பழகிய தெருக்களை வரிசையாகச் சொன்னதும், மீட்டரில் காட்டிய தொகையைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்.