பீடி இலை மூட்டைக்கு கடற்கரையில என்ன வேலை?

அக்கா பிள்ளைங்க ரெண்டும் லீவுக்கு பாளையங்கோட்டை வந்ததுல இருந்து ராத்திரி ஆனா கதை வேணும். கடல் கதையா இருக்கணும், கள்ளன் போலீஸ் இருக்கணும், மிருகத்தைக் காப்பாத்தணும், மூணும் ஒண்ணா வேணுமாம். சரின்னு நானே ஒண்ணு கட்ட ஆரம்பிச்சு, அது நாளுக்கு நாள் வளந்து, இப்ப நோட்டுல எழுதியும் வைக்கேன்.

ஒண்ணு மட்டும் முதல்லயே முடிவு பண்ணிட்டேன். ஹெலிகாப்டர், துப்பாக்கி, கராத்தே எதுவும் கிடையாது. நம்ம பக்கத்துப் பிள்ளைங்களுக்கு என்ன தெரியுமோ அதை வச்சுத்தான் கள்ளனைப் பிடிக்கணும்.

கதாநாயகி பேச்சி. முக்கூடல் பிள்ளை, ஏழாங்கிளாஸ், அம்மா பீடி சுத்துதவ. ஆத்துல நல்லா நீந்துவா, கடலைக் கண்ணால பாத்ததோட சரி. லீவுக்கு தூத்துக்குடி அத்தை வீட்டுக்குப் போறா, அங்க தெரேஸ்புரத்துல சேவியர்னு ஒரு பையன் கூட்டாளி ஆகுதான், அவங்க அப்பா சங்கு குளிக்கப் போறவர். தூத்துக்குடியை எடுத்ததுக்கு காரணம், எங்க வீட்டுப் பெரியவங்களுக்கு அது இன்னமும் திருநெல்வேலி ஜில்லாதான், 1986லதான பிரிச்சாங்க. அதே 1986லதான் தூத்துக்குடியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் கிடக்கற 21 தீவையும் சேத்து கடல்வாழ் உயிரின தேசியப் பூங்கான்னு அறிவிச்சதும்.

முதல் துப்பு எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ராத்திரி ஒரு லோடு ஆட்டோ, தார்ப்பாய் போட்டு மூடி, லைட்டை அணைச்சுட்டு கடற்கரைப் பக்கம் போகுது. சேவியர் உப்பு மூட்டைங்கான். பேச்சி மட்டும் மூக்கை உறிஞ்சிட்டு "இல்லலே, இது பீடி இலை"ங்கா. அந்த வாசனையிலயே வளந்த பிள்ளை அவ. இலை வடக்க இருந்து லாரியில வரும், கம்பெனிக்குப் போகும், அங்க இருந்து பொம்பளைங்க வீட்டுக்கு வாங்கிட்டு வந்து தண்ணியில நனைச்சு, தகரத்தை அளவுக்கு வச்சு கத்தரியால வெட்டி, தூளை வச்சு சுத்தி நூல் கட்டுவாங்க, அம்மா மடியில இருக்கற சொளவுல தினமும் பாக்கறதுதான். இலை ஊருக்குள்ள வரணும். கடலைப் பாத்து ஏன் போகுதுன்னு அவளுக்குப் பிடிபடல.

இது நான் கற்பனை பண்ணினது இல்ல. பீடி இலையும் விரலி மஞ்சளும் கள்ளத்தனமா இலங்கைக்குப் போறதும் தமிழ்நாடு போலீஸ்ல கடத்தலைக் கண்காணிக்கற கியூ பிரிவு பிடிக்கறதும் நம்ம பேப்பர்ல அடிக்கடி வர்ற சேதிதான். அதே மாதிரி படகுல போற இன்னொரு சரக்குதான் கடல் அட்டை, கடலடியில கிடக்கற வெள்ளரிக்கா மாதிரி உருண்ட உயிர். என் கதையில காப்பாத்த வேண்டிய மிருகம் அதுதான்.

இந்த இடத்துல சின்னவன் முகம் சுருங்கிட்டு. "சித்தி, டால்பின் வைங்க, ஆவுளியா வைங்க, இது புழு மாதிரில்லா இருக்கு" அப்படின்னான். ஆவுளியான்னா கடல்பசு. அதுவும் வரும், ஆனா அதுக்குன்னு 2022ல 448 சதுர கிலோமீட்டர்ல காப்பகம் அறிவிச்சது வடக்க பாக் விரிகுடாவுல, தஞ்சாவூர் புதுக்கோட்டை கடல்ல, அதனால அது பின்னாடி ஒரு பகுதிக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். கடல் அட்டையை மாத்த மாட்டேன்னுட்டேன். அழகா இருக்கறதை மட்டும் காப்பாத்தற கதை ஆயிரம் இருக்கு.

அட்டை என்ன பண்ணுதுன்னு சேவியர் வாயாலயே சொல்ல வச்சேன். கடலடியில மண்ணைத் தின்னுக்கிட்டே நகரும், மண்ணுல இருக்கற அழுக்கைச் செமிச்சுட்டு சுத்தமான மண்ணை முறுக்குப் பிழிஞ்ச மாதிரி பின்னாடி விட்டுட்டுப் போகும். அந்த மண்ணுலதான் கடல்புல் நல்லா வரும், அந்தப் புல்லைத்தான் ஆவுளியா மேயும். பயந்துச்சுன்னா சில ஜாதி தன் குடலையே வெளிய தள்ளிட்டுத் தப்பிக்கும், அப்புறம் புதுக்குடல் வளந்துரும். இதைக் கேட்டதும் சின்னவன் எந்திரிச்சு உக்காந்துட்டான். ஓடாது, கடிக்காது, முங்கிப் போயி கையாலயே பொறுக்கிரலாம், அதுதான் அதுக்கு வினை. இன்னொண்ணு, முட்டையும் விந்தும் தண்ணியிலதான் கலக்கணும், அதனால பக்கத்து பக்கத்துல இருந்தாத்தான் குஞ்சே பொரியும். அங்கொண்ணு இங்கொண்ணுன்னு மிச்சம் விட்டா அந்த இடத்துல வம்சமே அத்துப்போகும்.

ரெண்டாவது துப்பு புகை. உடைமரக்காட்டுக்குள்ள அண்டா வச்சு என்னமோ வேகுது, கருவாட்டு வாடை இல்லன்னு சேவியர் சொல்லுதான், இது அவனோட மூக்கு. அட்டையோட வயித்தைக் கீறி குடலை எடுத்து, வேக வச்சு, மண்ணுல புதைச்சு, தோலைத் தேய்ச்சுக் கழுவி, மறுபடி வேக வச்சு காயப்போடுவாங்க. ஒரு சாணுக்கு மேல இருந்தது காஞ்சப்புறம் விரல் நீளத்துக்கு கல்லு மாதிரி ஆயிரும். நம்ம நாட்டுல 2001ல இருந்து முழுத் தடை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல புலி யானை இருக்கற அதே முதல் அட்டவணையில இதுவும் இருக்கு, மாட்டினா 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில். இலங்கையில லைசென்ஸ் இருந்தா பிடிக்கலாம், அதனால இங்க பிடிச்சதை அந்தக் கரையில சேத்துட்டா சரக்கு நல்ல சரக்கு ஆயிரும், அங்க இருந்து சீனா, ஹாங்காங்னு போயிரும்.

தீவுல இறங்கி ஒரு சண்டை வேணும்னு ரெண்டும் ஒத்தக்கால்ல நிக்காங்க. அனுமதி இல்லாம அந்தத் தீவுகள்ல கால் வைக்கக்கூடாது, பேச்சியும் சேவியரும் வள்ளத்துல இருந்தேதான் பாக்கணும். இந்தக் கட்டுப்பாடு கதைக்கு நல்லதுதான், தூரத்துல இருந்து பாக்கறப்ப எல்லாத்தையும் ஊகிக்க வேண்டியிருக்கு. அந்த 21ல ஒண்ணான வான்தீவைத் தாண்டறப்ப சேவியரோட தாத்தா, சுண்ணாம்புக்குன்னு பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததுல அலையைத் தடுக்க ஆளில்லாம தீவு தேஞ்ச கதையைச் சொல்லுதார். பூவரசன்பட்டி, விலாங்குசல்லிங்கற ரெண்டு தீவும் முழுசா முங்கியே போச்சு.

வில்லன் யாருன்னு யோசிக்கத்தான் நாள் ஆச்சு. முங்கி எடுக்கறவன் வில்லன் இல்ல. தடைக்கு முன்னாடி அதுவும் அவங்க தொழில்தான், தடையை எடுங்கன்னு மீனவங்க கேட்டுட்டேதான் இருக்காங்க, அவங்க பக்கத்துல நின்னு யோசிச்சா அந்தக் கோபம் எனக்குப் புரியுது. ஆனா தொழிலை மீட்கறதுக்கு கள்ளப்படகு வழி இல்ல. தூத்துக்குடியிலயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல 1988ல கடல் அட்டையில ஒரு ஜாதியான வெள்ளை அட்டையைப் பண்ணையில குஞ்சு பொரிக்க வச்சாங்க, அந்தப் பாதையில போயிருந்தா எத்தனை குடும்பம் பிழைச்சிருக்கும். என் கதையில வில்லன், கடல்ல கால் நனைக்காம கரையில உக்காந்து அட்வான்ஸ் குடுக்கற ஏஜெண்ட். சேவியரோட அப்பாவுக்கும் குடுத்திருக்கான்.

அதனால கடைசி சாகசம் ஒரு போன்தான், தமிழ்நாடு போலீஸோட கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கான இலவச நம்பர் 1093. வண்டி நம்பர், மணி, எந்தத் திட்டு, எத்தனை மூட்டைன்னு பேச்சி திணறாம சொல்லணும். அதுக்கு முந்தின ராத்திரி சேவியர் அப்பாகிட்ட பேசணும், பெரியவ இதைக் கேட்டுட்டு "அப்பாவை மாட்டி விட்டுருவானா சித்தி?"ன்னு கேட்டா. மாட்டி விட மாட்டான், அப்பாவையே பேச வைப்பான், அந்த 1093ஐ அமுக்கறதே அவரா இருக்கட்டும்னு நெனச்சிருக்கேன். அவர் பேசற பேச்சு மட்டும் இன்னும் சரியா வரல, சங்கு குளிக்கிற வீட்டுக்காரங்க யாராவது இதைப் படிச்சா, அட்வான்ஸைத் திருப்பிக் குடுக்கறப்ப ஒரு மனுஷன் எப்படிப் பேசுவார்னு எழுதி அனுப்புங்க.