எல்லாம் தப்பாகப் போகிறதா, டீச்சர்?

கணினியில் கணக்குத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தவள் அப்படிக் கேட்டபோது நான் சொன்னது இவ்வளவுதான்: “பேசக் கூடாது. தெரிந்ததைப் போடு.”

எட்டாம் வகுப்புப் பிள்ளை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பாம்பனிலிருந்து அம்மாவோடு வத்தை என்ற சிறு படகில் கடற்பாசி எடுக்கப் போயிருந்தாள். துணி சுற்றிப் போனாலும் பாறை விடாது. ஆள்காட்டி விரலில் வெட்டு. அந்த விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு நடுவிரலால் மௌஸை அழுத்தினாள். திரையில் √50-ஐ எளிமையாக்கச் சொல்லி ஒரு கேள்வி. முறுடுகள், அதாவது இப்படி முழு எண்ணாக வராத மூலங்கள், ஒன்பதாம் வகுப்புப் பாடம். அவள் கண்ணால் பார்த்திராத பாடம்.

அதுவரை சரியாகப் போட்டு வந்ததால்தான் அந்தக் கேள்வி அவளிடம் வந்தது. சரியாகப் போட்டால் அடுத்தது கடினம், தவறினால் எளிது. டென்மார்க்கின் கியார்க் ராஷ் 1960-இல் வெளியிட்ட கணக்கு இந்த வகைத் தேர்வுகள் பலவற்றுக்கு அடிப்படை: மாணவரின் திறனும் கேள்வியின் கடினமும் சமமாகும் இடத்தில், சரியாகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. தேர்வு தேடிப் போவது அந்த இடத்தைத்தான். அளவு அங்கேதான் துல்லியமாகக் கிடைக்கும். ஆகவே கெட்டிக்காரப் பிள்ளைக்கும் பாதி தவறும். தொண்ணூறுக்குக் குறையாத பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும்?

“கடினமாக வந்தால் நீ நன்றாகச் செய்கிறாய் என்று அர்த்தம்.” நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்துக் கணினியில் இருந்த பையனுக்கு 47-ஐயும் 38-ஐயும் கூட்டச் சொல்லி வந்திருந்தது. அவனும் எட்டாம் வகுப்புதான். அவளிடம் சொன்னால் அவன் தன் திரையைத் திரும்பிப் பார்ப்பான். அவனுக்குப் புரியாதா என்ன?

விதியைப் பிடித்துக்கொண்டேன். சரிதான் என்று சில நாள் தோன்றுகிறது. சில நாள், குனிந்து அவள் காதோடு சொல்லியிருக்கலாமே என்று தோன்றுகிறது. அதைவிட, தொடங்கும் முன்பே எல்லாரிடமும் “யாராக இருந்தாலும் பாதி தப்பாகும், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்” என்று சொல்லியிருந்தால் இருவருமே பிழைத்திருப்பார்கள். எங்களுக்குக் கொடுத்த குறிப்பில் அந்த வரி இல்லை. சொல்லக் கூடாது என்றும் அதில் இல்லை.

அதற்குப் பிறகு அவள் கேள்விகளைப் படிக்கவில்லை. முதலில் வந்தவற்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்தவள், கடைசி ஒன்பதுக்கு மூன்று, நான்கு நொடிதான் எடுத்திருக்கிறாள். பின்னால் போய்த் திருத்தவும் இந்தத் தேர்வில் வழியில்லை. ஜூலையில் வாங்கியதைவிட மதிப்பெண் இறங்கிவிட்டது. அளவுப் பிழை என்று தள்ளிவிட முடியாத இறக்கம். நேரக் கணக்கைக் காட்டி மறுதேர்வு கேட்டேன். அடுத்த பருவத்தில்தான் என்றார்கள். மேலே வற்புறுத்தவில்லை.

கையெழுத்துப் போட வந்த அவள் அம்மா, தாளைப் பார்த்துவிட்டு, “பாசிக்குக் கூட்டிப் போனதாலா, டீச்சர்?” என்று கேட்டார். இல்லை என்றேன். பிறகு எதனால் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விடுமுறை நாளில் பிள்ளையைக் கடலுக்கு அனுப்பாதீர்கள் என்று இரண்டு வருடமாக அந்த வீட்டுக்குச் சொல்லி வந்தவள் நான். இப்போது அனுப்புவதில்லை. அவள் விரல் ஆறிவிட்டது. நான் சொல்லிக் கேட்காததை அந்த எண்ணைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். அந்த எண் பொய் என்று நான் இன்னும் போய்ச் சொல்லவில்லை.