199-க்கும் 499-க்கும் நடுவில்

நவம்பர் 5, 2024, செவ்வாய்

மளிகைச் செயலியின் இலவச மாதம் டிசம்பர் 3-ஆம் தேதி முடிகிறது. அன்றைக்கே 299 ரூபாய் சந்தா, அடுத்த 3 மாதத்துக்கு, தானாக எடுத்துக்கொள்ளும். பழுதாகி நிற்கும் லிஃப்ட் பத்து நாளில் ஓடிவிடும் என்கிறார்கள். அப்படிச் சொல்கிற யாரும் மூன்றாவது மாடியில் குடியில்லை.

நவம்பர் 7, வியாழன்

டெலிவரி 25 ரூபாய், பன்னிரண்டு ஆர்டர் போட்டால் சந்தாக் காசு வந்துவிடும் என்று எல்லாரும் ஒரே மாதிரி வகுக்கிறார்கள். பில்லைப் பார்த்தால் விஷயம் வேறு. 199-க்குக் கீழே போட்டால் சந்தா இருந்தாலும் டெலிவரி காசு உண்டு, கூடவே சின்ன ஆர்டர் என்று ஒரு 20. 499-ஐத் தாண்டினால் சந்தா இல்லாதவருக்கும் டெலிவரி இலவசம். ஆக 299 கட்டி வாங்குவது நடுவில் உள்ள அந்த 300 ரூபாய் இடைவெளியைத்தான்.

அரிசி, உளுந்து, எண்ணெய், சோப்பு என்று மாத லிஸ்ட் ஆயிரத்தைச் சுலபமாகத் தாண்டும். அது கணக்கில் வராது. பச்சை மிளகாயும் பிரெட்டும் 80-இல் முடியும், அதுவும் வராது. நடுத்தர ஆர்டர் மாதம் நான்கு எப்படியும் விழுமா? "எப்படியும்" என்பதற்கு அடிக்கோடு போட வேண்டும். 130 ரூபாய்க் கூடையை 199 ஆக்க பிஸ்கட்டும் சிப்ஸும் போட்டால், 45 மிச்சம் பிடிக்க 69 செலவு. பிஸ்கட் வேண்டும் என்றிருந்தால் சரி.

ஹேண்ட்லிங் சார்ஜ் 10 ரூபாய் சந்தாதாரருக்கும் உண்டு. டெலிவரி இலவசம்தானே என்று ஒரு கூடையை மூன்றாகப் பிரித்துப் போட்டால் 30.

நவம்பர் 8, வெள்ளி

ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் இன்றைக்கு இல்லை. திங்களாம்.

நவம்பர் 10, ஞாயிறு

எண்ணெய். செப்டம்பர் நடுவில் இறக்குமதி வரியை ஏற்றினார்கள், சுத்திகரிக்காத சமையல் எண்ணெய்க்கு 5.5 சதவீதத்திலிருந்து 27.5. விலை ஏறியது தெரிகிறது, பாக்கெட் இளைத்தது தெரியவில்லை. ஒரு லிட்டர் என்றால் ஏறக்குறைய 910 கிராம். செயலியில் முதல் வரிசையில் 140 ரூபாய்க்கு நிற்கும் சூரியகாந்தி எண்ணெய் 850 கிராம். இரண்டு விரல் கீழே தள்ளினால் 148-க்கு 910 கிராம். நூறு கிராமுக்கு முன்னது 16.47, பின்னது 16.26. யூனிட் விலையைப் பாக்கெட்டிலேயே அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது. பின்பக்கப் படத்தைப் பெரிதாக்கினால் சில சமயம் படிக்கலாம்.

தக்காளி "450 முதல் 500 கிராம்" என்று போட்டிருந்தால் 450-க்கே வகுக்க வேண்டும். சின்ன வெங்காயம் 200 கிராம் பாக்கெட்டில் விலை குறைவாகத் தெரியும், ஐந்தால் பெருக்கினால் முகம் மாறும். கறிவேப்பிலை 12 ரூபாய். அண்ணாச்சி கடையில் அதற்குப் பெயர் கொசுறு.

நவம்பர் 12, செவ்வாய்

வாக்கர் வந்துவிட்டது. படி மூன்று வாரத்துக்குக் கூடாது. லிஃப்ட் மோட்டார் கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டுமாம்.

நவம்பர் 14, வியாழன்

சந்தா என்றால் ஆவின் மாதப் பால் கார்டுதான் சந்தா. ஆரஞ்சு பாக்கெட் கடையில் லிட்டர் 60, கார்டில் 46. தினம் அரை லிட்டர் என்றாலே மாதம் 210 ரூபாய். 2022 நவம்பரில் கடை விலையை மட்டும் 12 ரூபாய் ஏற்றி, கார்டு விலையைத் தொடாமல் விட்டதால் வந்த வித்தியாசம் இது. பச்சை, ஊதா வாங்குகிறவருக்கு லிட்டருக்கு 2 ரூபாய்தான் ஆதாயம். செயலியில் எந்த நிறம் வாங்கினாலும் அச்சிட்ட விலை, அதற்கு மேல் கட்டணங்கள்.

ஒரே சிக்கல், விடியற்காலை பூத்துக்கு யாராவது இறங்க வேண்டும். பால் போடுகிறவரிடம் கார்டைக் கொடுத்தால் மாதக்கூலி கேட்பார். 210-க்குள் இருந்தால் கொடுத்துவிடலாம்.

பாலைச் செயலிக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் நடுத்தர ஆர்டர்கள் பாதியாகின்றன. பாலை வைத்துத்தான் கூடை 199-ஐ எட்டுகிறது.

நவம்பர் 17, ஞாயிறு

முட்டை இரண்டு உடைந்து வந்தது. பையை வாசலிலேயே திறந்து பார்க்க வேண்டும். முட்டை அட்டையின் மூடியைத் தூக்கி, ஒவ்வொன்றையும் லேசாகத் திருப்பினால் போதும். அடியில் ஒட்டிக்கொண்டிருப்பது விரிசல் விட்டது. படம் எடுக்கும்போது உடைசலும் லேபிளில் உள்ள தேதியும் ஒரே சட்டத்துக்குள் வர வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு படம் கேட்டு நேரம் கடத்துவார்கள். பணம் திரும்பும்போது "வாலட்" என்பது முன்கூட்டியே தேர்வாகி இருக்கும். "பணம் கட்டிய வழியிலேயே" என்பது கீழே சாம்பல் நிறத்தில். வாலட்டில் விழுந்தால் அந்தக் காசே அடுத்த ஆர்டருக்கு இழுக்கும். மசியாவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915.

நவம்பர் 18, திங்கள்

மோட்டார் வந்தது. மெக்கானிக் வரவில்லை.

நவம்பர் 21, வியாழன்

"அண்ணாச்சி, பையன் மேல வரைக்கும் வருவானா?"

"லிஃப்ட் ஓடுனா வருவான் தம்பி. அரிசி மூட்டையத் தூக்கிட்டு மூணு மாடி ஏறுன்னா நாளைக்கே வேற கடைக்குப் போயிருவான்."

நியாயம்தான். செயலிக்காரப் பையன்களும் கீழே நின்றுதான் போன் செய்கிறார்கள். டெலிவரிக் குறிப்பில் "லிஃப்ட் இல்லை, 3-ஆவது மாடி" என்று முன்கூட்டியே எழுதி, ஒரு ஆர்டரை 4, 5 கிலோவுக்குள் வைத்தால் ஏறி வருகிறார்கள். ஐந்து லிட்டர் எண்ணெய் டின்னையும் அரிசியையும் ஒன்றாகப் போட்டால் வாட்ச்மேன் நாற்காலி வரைக்கும்தான். டிப்ஸைச் செயலியில் டிக் செய்யாமல் வாசலில் கையில் கொடுப்பது நல்லது.

பாரத்தைக் குறைத்து ஏறவைத்தால் கூடை 300 ரூபாய் பக்கம் நிற்கிறது. அதாவது அதே நடு இடைவெளி. இந்த ஒரு கணக்கில்தான் 299 நியாயமாகிறது, அதுவும் லிஃப்ட் ஓடாத வரைக்கும்.

ரேஷன் சாமானை இதோடு ஒப்பிடவே கூடாது. துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. கைரேகை வைக்க அட்டையில் பெயருள்ள ஒருவர் போனால் போதும்.

நவம்பர் 25, திங்கள்

கூடையில் 2 ரூபாய் நன்கொடை தானாக டிக் ஆகியிருந்தது. நாம் கேட்காததைக் கூடையில் திணிப்பது, வெளியேற முடியாத சந்தாப் பொறி, கடைசிப் பக்கத்தில் முளைக்கும் கட்டணம் உள்பட 13 வகைத் தந்திரங்களுக்கு 2023 நவம்பர் 30 அன்றே தடை போட்டாகிவிட்டது. ஒரு வருஷம் ஆகப்போகிறது.

பணம் கட்டும் பொத்தானை அழுத்துமுன் பில் விவரத்தை விரித்துப் பார்க்க வேண்டும். அது எப்போதும் மடித்தே இருக்கும்.

நவம்பர் 28, வியாழன்

வாக்கர் இல்லாமல் ஹாலில் நான்கு எட்டு. அவ்வளவுதான் எழுத முடிகிறது.

நவம்பர் 30, சனி

மழை. செயலியில் "உங்கள் பகுதியில் தற்போது சேவை இல்லை". சந்தா இருப்பவருக்கும் அதே வரி.

டிசம்பர் 1, ஞாயிறு

நேற்று இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. செயலி திரும்பி வந்தபோது பால், பிரெட், முட்டை, தண்ணீர் கேன் எல்லாம் "இருப்பு இல்லை". பக்கத்துத் தெருக் கிடங்கில் இருப்பதுதான் நமக்கு. அது காலியானால் ஊர் முழுக்க இருந்தாலும் பயனில்லை. அண்ணாச்சி பாதி ஷட்டரைத் தூக்கி வைத்து வியாபாரம் செய்கிறாராம். மழைக்காலத்துக்காகச் சந்தா என்கிற வாதம் இத்தோடு போயிற்று. கார்த்திகை, மார்கழிக்கு ரவை, பால் பவுடர், அவல் வீட்டில் இருந்தால் போதும்.

டிசம்பர் 2, திங்கள்

குறுஞ்செய்தி வந்துவிட்டது, நாளை 299. ஆட்டோபே, அதாவது கணக்கிலிருந்து தானாகப் போகும் பிடித்தத்துக்கு 24 மணி நேரம் முன்பே சொல்லியாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. செயலியை அழித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. அழித்தாலும் அனுமதி வங்கியில் உயிரோடு இருக்கும். யூபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் அந்தப் பெயரைத் தேடி ரத்து செய்து, பின் நம்பர் போட வேண்டும். "ரத்தானது" என்ற திரையைப் படம் பிடித்து வைத்தாயிற்று.

மெக்கானிக் நாளை வருவாராம். மோட்டார் இருந்த பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது.

டிசம்பர் 3, செவ்வாய்

ரத்து செய்தவர்களுக்கு மட்டும் என்று புதுச் சலுகை: 3 மாதத்துக்கு 99. அப்படியானால் மாதம் 33, நடுத்தர ஆர்டர் இரண்டு விழுந்தாலே போதும். அனுமதித் திரையில் தொகை 99, அதன் கீழே "அதிகபட்சம் 1,000". மார்ச்சில் எந்த விலைக்குப் புதுப்பிக்கும் என்று எங்கும் எழுதவில்லை.